இருபத்தேழாம் தூண்

மேஸ்திரி காலையில் எழுந்ததும் சுவரைப் பிடிக்கிறார் என்பதை அவருடைய மனைவி முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டிலில் எழுந்து உட்காருவார். வலது உள்ளங்கையைச் சுவரில் பதிப்பார். பஸ் வரட்டும் என்று காத்திருக்கிறவர் மாதிரி அப்படியே கொஞ்ச நேரம் இருப்பார். பிறகு எழுந்து போய் முகம் கழுவுவார். நாலு நாள் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் கேட்டாள்.

"என்னங்க, சுவரைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? விட்டா விழுந்துடுமா?"

"தூக்கக் கலக்கம்."

"இத்தனை வருஷமா இல்லாத கலக்கமா?"

"வயசாகுதுல்ல," என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் அவளுக்கு உறுத்தியது. முதல் டீ உள்ளே போகிறவரை சிரிக்கிற ஆள் இல்லை அவர்.

அவருடைய வேலை ரோலர் கோஸ்டர் கட்டுவது. ஏறி உட்கார்ந்து, கத்தித் தீர்த்து, இறங்கி ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அதெல்லாம் மழைக்கு முளைத்தது என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. லாரியில் துண்டு துண்டாக இரும்பு ட்ராக் வரும். ஒவ்வொரு துண்டையும் கிரேன் தூக்கிக்கொடுக்கும். தூண் உச்சியில் இடுப்பு பெல்ட்டைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு நிற்கிற இரண்டு பேர் அதை வாங்கி, ஓட்டைக்கு ஓட்டை பொருத்தி, போல்ட்டைச் சொருகி முறுக்க வேண்டும். ஒருவர் நட்டைப் பிடித்துக்கொள்வார். மற்றவர் ஒரு ஆள் கை நீளமுள்ள ஸ்பேனரை இழுப்பார். வேண்டிய இறுக்கம் வந்ததும் ஸ்பேனரே 'டிக்' என்று சொல்லும். உடனே போல்ட்டிலிருந்து நட்டு மேல் ஓடுகிற மாதிரி மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். கோடு இருந்தால் முறுக்கியாயிற்று. கோடு உடையாமல் இருந்தால் நட்டு நகரவில்லை. பின்னால் வருகிற அதிகாரிகள் பார்ப்பதெல்லாம் அந்தக் கோட்டைத்தான்.

தூணில் பாதி உயரம் வரைக்கும் யாரை வேண்டுமானாலும் அனுப்புவார். உச்சி என்றால் தானே ஏறுவார். அதனால் அவருக்கு 'உச்சி மேஸ்திரி' என்று பெயர். அவருடைய ஜோடி 'கட்டை'. குள்ளமானவர், தோள் மட்டும் அகலம். முப்பத்தைந்து வயது, இரண்டு குழந்தைகள். பதினோரு வருஷமாக இருவரும் ஒரே போல்ட்டின் இரண்டு பக்கம்.

இது அவர்களுக்கு ஒன்பதாவது ஊர். கேளிக்கைப் பூங்காவின் பின்மதிலை ஒட்டித் தகரக் கூரை போட்ட பதினாறு அறைகள், ஒரே வரிசை. கதவைத் திறந்தால் மதில். மதிலுக்கு மேலே இரும்பு. வெயில் நாளில் கூரை படபடவென்று வெடிக்கும். எட்டு ஊரிலும் இதே கதைதான் என்பதால் மேஸ்திரியின் மனைவி இரண்டு பெட்டிக்கு மேல் சாமான் சேர்ப்பதில்லை. மகளை ஒன்பது வயதில் ஹாஸ்டலில் விட்டார்கள். அவள் படித்து, தூரத்து ஊரில் வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணமும் முடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். "இப்ப எந்த ஊரும்மா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவாள். கேலியாகத்தான் கேட்பாள். அம்மாவுக்கு ஒவ்வொரு முறையும் எங்கோ சுருக்கென்று குத்தும்.

இன்னொரு விஷயம். தான் கட்டிய எதிலும் மேஸ்திரி ஒரு தடவைகூட ஏறியதில்லை. ட்ராக் சுற்று முழுதாக மூடியதும் இவர்கள் வேலை முடிந்தது. கரண்ட்காரர்கள் வருவார்கள், வண்டியை ஏற்றுவார்கள், மாதக்கணக்கில் ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்குள் இவர்கள் அடுத்த ஊரில் அஸ்திவாரக் குழியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"பந்தி தொடங்கறதுக்குள்ள சமையல்காரனை வண்டியேத்தி அனுப்புற கதை," என்பாள் அவள்.

"வாசம் பிடிச்சாலே வயிறு நிறைஞ்சிடும்," என்பார் அவர்.

சுவரைப் பிடிப்பதோடு அது நிற்கவில்லை. டீயைக் கிளாஸில் ஊற்றும்போது ஒரு விரற்கடை தள்ளித் தரையில் ஊற்றினார். வலப்பக்கம் நின்று கூப்பிட்டால் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். குளித்துவிட்டு வரும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். ஒரு சாயங்காலம் அவள் அவரை உட்காரவைத்துக் கேட்டேவிட்டாள்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க. என்ன பண்ணுது உங்களுக்கு?"

வெகுநேரம் விரல் நகத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"காதுக்குள்ள வண்டு பறக்குற மாதிரி இருக்கு. வலது காது. அது வந்தா கொஞ்ச நேரத்துல தலை சுத்தும்."

"மேல இருக்கறப்பவுமா?"

"எப்பவாச்சும்."

"எப்பவாச்சும்னா?"

"மூணு தடவை."

அவள் அடுப்பை அணைத்தாள். வெந்துகொண்டிருந்த உருளைக்கிழங்கு அப்படியே நின்றது.

"நாளைக்கே இறங்கிடுங்க. இன்ஜினியரம்மாகிட்ட சொல்லிடுங்க."

"ட்ராக் சுத்து மூட இன்னும் நாப்பது நாள்தான். இதை முடிச்சிட்டு டாக்டரைப் பாக்குறேன். பெல்ட் மாட்டியிருக்கேன்ல? விழுந்தாலும் தொங்குவேன், சாக மாட்டேன்."

"நீங்க தொங்குவீங்க. கையில இருக்கிற ஸ்பேனர்? அது கட்டை தலையில விழுந்தா?"

"விழாது."

"எப்படி விழாது?"

"விழாதுன்னா விழாது. இத பாரு, இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்."

மறுநாள் மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சைட் கேட்டுக்குப் போனாள். கொண்டுபோகும் பழக்கம் இல்லை. அன்றைக்குப் போனாள். காற்று பலமாக இருந்தது. புழுதி கிளம்பிக் கிரேன் மறைந்து மறைந்து தெரிந்தது. வண்டி மேலேறும் பெரிய ஏற்றத்துக்கு அடுத்த வளைவில், ஒரு தூண் உச்சியில் ஒரு ஆள். தலைக்கவசத்தின் நிறத்தை வைத்து அவர்தான் என்று தெரிந்துகொண்டாள். அவர் வேலை செய்யவில்லை. தூணை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, கன்னத்தை இரும்பில் வைத்திருந்தார். நடுமதிய இரும்பு. தொட்டால் தோல் உரியும். கன்னத்தை எடுக்கவில்லை. பக்கத்தில் கட்டையையும் காணோம். பாத்திரத்தின் கைப்பிடிக் கம்பி அவள் விரலில் பதிந்து சிவந்த பிறகுதான் மேலே அந்தத் தலைக்கவசம் அசைந்தது. அவள் சாப்பாட்டைக் கேட் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

அடுத்த நாள் காலை வேலை தொடங்குகிற நேரத்தில், கன்டெய்னர் பெட்டியில் இருந்த இன்ஜினியர் ஆபீசுக்குப் போனாள். இன்ஜினியர் ஒரு பெண். நாற்பதைத் தொடாத வயது, வெயிலில் கறுத்த முகம். வரைபடத்தின் மேலேயே பிஸ்கட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கம்மா. மேஸ்திரி அனுப்பினாரா?"

"இல்ல. அவருக்குத் தெரியாது." அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நினைத்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சுவர், டீ, வண்டு, தூண்.

இன்ஜினியர் பிஸ்கட்டை மூடிவைத்தார். "நீங்க வந்து சொன்னது அவருக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும்."

"என் பேரைச் சொல்லாதீங்கன்னு சொல்வீங்கன்னு பாத்தேன்."

"இந்த வரிசையில வேற யார் சொல்லுவா? கேட்டதும் தெரிஞ்சுக்குவாருங்க."

வாக்கிடாக்கியில் கூப்பிட்டு இறக்கினார்கள். அவள் ஏணியடியிலேயே நின்றாள். ஓடி ஒளிகிற மாதிரி ஆகிவிடக்கூடாது என்று நின்றாள். மேஸ்திரி ஒவ்வொரு படியாக, கொக்கியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி இறங்கினார். கடைசிப் படியில் திரும்பியபோது அவளைப் பார்த்தார். பக்கத்தில் இன்ஜினியரைப் பார்த்தார். இடுப்பு பெல்ட்டை அவிழ்த்துச் சுருட்டினார். ஸ்டோர் ஜன்னலில் வைத்துவிட்டு அறையைப் பார்த்து நடந்தார்.

காது டாக்டர் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். காதின் உள்ளே நிதானத்தைக் காக்கிற இடத்தில்தான் கோளாறு என்றார். மாத்திரை குறையவைக்கும், போக்காது. இனி ஏணி வேண்டாம் என்றார். கம்பெனி ஸ்டோரில் உட்காரச் சொன்னது. மேஸ்திரி போகவில்லை. யார் மேலும் கோபப்படவும் இல்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

அவளோடு மட்டும் என்றில்லை. மகள் போனில் கூப்பிட்டால் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, வாய் திறக்காமல் போனை இவளிடம் நீட்டிவிடுவார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். தட்டைத் தானே கழுவி வைப்பார். அதைப் பார்க்கும்போது அவளுக்குத் திட்டிவிட்டால் தேவலாம் போலிருக்கும். ஒரே அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் ஒருவரையொருவர் உரசாமல் சுற்றிவர அவர்கள் பழகிக்கொண்டார்கள்.

"ரெண்டு நாள் முறைப்பாரு, அப்புறம் சரியாப் போயிடும்," என்றாள் பக்கத்து அறைக் கிரேன்காரர் மனைவி. அவளுக்கு வரிசையில் 'ரேடியோ' என்று பெயர். "எங்க ஆள் ஒருதடவை என்கூட பதினெட்டு நாள் பேசல. நான்தான் பேசிக்கிட்டே இருந்தேன், அவருக்கு எடம் கிடைக்கல."

நாற்பது நாள் என்றது ஐம்பதாகி, ட்ராக் சுற்று மூடியது. அன்றைக்கு எல்லோரும் கைதட்டிய சத்தம் மதிலைத் தாண்டிக் கேட்டது. மேஸ்திரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலை தூக்கவில்லை. அடுத்த வாரம் ஆட்கள் பத்தாவது ஊருக்குக் கிளம்பினார்கள். ஒவ்வொரு அறையாகப் பூட்டு விழுந்தது. ரேடியோ தன்னுடைய துடைப்பத்தையும் பாதி மூட்டை கரியையும் கொடுத்துவிட்டு, போகிறபோதும் பேசிக்கொண்டே வேன் ஏறினாள்.

கட்டை விடைபெற வந்தார். மேஸ்திரி கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"அண்ணே, போய்ட்டு வரேன்ணே."

முதுகு அசைந்தது. அவ்வளவுதான். கட்டை கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தார். அவள் பின்னாலேயே வந்தாள்.

"தப்பா எடுத்துக்காத தம்பி."

"அதெல்லாம் இல்ல அண்ணி." கட்டை செருப்பை மாட்டாமல் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். "எனக்கு முன்னாடியே தெரியும். மேல ரெண்டு தடவை அண்ணன் கண்ணு எங்கயோ போச்சு. நான் சொல்லல. தைரியம் வரல. என் பிள்ளைங்க முகம் வரும், அப்புறம் அண்ணன் முகம் வரும். நீங்க சொல்லிட்டீங்க. கெட்ட பேரை நீங்க வாங்கிக்கிட்டீங்க."

"நல்ல பேர் வாங்கி என்ன பண்ணப் போறேன் இந்த ஊர்ல? யாரு இருக்கா?"

இருவரும் சிரித்தார்கள். அவர் போனதும் அவள் பதினாறு கதவுகளையும் ஒருமுறை பார்த்தாள். பதினைந்தில் பூட்டு.

ரைடு திறக்கும்வரை அறையில் இருந்துகொள்ளலாம் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். அவளுக்கு ஒரு வேலையும் போட்டுக்கொடுத்தார். பொம்மை வேலை.

மனிதர்களை ஏற்றுவதற்கு முன்னால் வண்டியில் பொம்மைகளை ஏற்றி ஓட்டுவார்கள். தலையும் உடம்பும் தொடையும் மட்டும் இருக்கும் பிளாஸ்டிக் பொம்மைகள், கைகள் கிடையாது. உள்ளே காலி. கழுத்துக்குப் பின்னால் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் ஒரு ஆள் கனம் வரும். இருபது இருக்கை, இருபது பொம்மை. காலையில் ஏழு மணிக்கு அவள் குழாயை இழுத்துவந்து ஒவ்வொன்றாக நிரப்புவாள். குழாயைத் தொண்டையில் வைத்துவிட்டு, நிரம்புகிறவரை பொம்மையின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்; இல்லையென்றால் சாய்ந்துவிடும். மூடியை இறுக்கி, துணியால் துடைத்து, இடுப்புக்கு மேலே கம்பியை இறக்கிப் பூட்டுவாள். சோதனை சூப்பர்வைசர் ஒரு பட்டனை அழுத்துவார். வண்டி கிளம்பிச் சங்கிலியில் கடகடவென்று ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்ற மாதிரி நின்று, விழும். பொம்மைகள் கத்தாது. அவ்வளவு பெரிய இரும்பு சுற்றிவரும்போது மனிதச் சத்தமே இல்லாமல் இருப்பதால் முதல் வாரம் அவள் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள். பிறகு பழகிவிட்டது. திரும்பி வந்ததும் ஒழுகுகிறதா என்று ஒவ்வொரு கழுத்தையும் தடவிப் பார்ப்பாள். நாலு நிமிஷத்துக்கு ஒரு சுற்று, நாள் முழுக்க.

பேச ஆள் இல்லாததால் பொம்மைகளோடு பேசினாள். "நீ ஏன்டா தினம் சாயற? நேத்து என்ன சாப்பிட்ட?" சூப்பர்வைசர் கேட்டுவிட்டு, "பதில் சொன்னா எனக்கும் சொல்லுங்கம்மா, நான் வேலையை விட்டுடறேன்," என்றார்.

வெயில் போய் மழை வந்தது, மழையும் ஓய்ந்தது. மாலையில் அறைக்கு வந்தால் மேஸ்திரி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். சோதனை சில நாள் இருட்டுகிறவரை நீளும். மற்ற ஆட்கள் ஓட்டுவார்கள். வண்டி அந்தப் பெரிய வளைவைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அவர் மெல்வதை நிறுத்துவார். சத்தம் அடங்கியதும் மறுபடி மெல்வார். தான் பறித்த வேலையை நினைத்து அவருக்கு மனசு வேகிறது என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

கடைசியில் அந்த நாள் வந்தது. பொம்மைகளுக்கு அடுத்து முதலில் ஏறுகிறவர்கள் சோதனை ஆட்களே. விருப்பமிருக்கிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். அவள் கொடுத்தாள். ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. காலையில் கம்பெனி கொடுத்த பேண்ட்டும் சட்டையும் போட்டுக்கொண்டு, முடியை இறுக்கி முடிந்துகொண்டிருந்தாள்.

"எங்கே?"

கொண்டை ஊசி கையிலிருந்து நழுவியது. ஐந்து மாதம் ஆகியிருந்தது அந்தக் குரலைக் கேட்டு. கரகரவென்று துருப்பிடித்த கீல் மாதிரி வந்தது.

"ஏறப் போறேன். இன்னைக்கு ஆளுங்களை ஏத்துறாங்க."

"நீ ஏறாத."

"ஏன்?"

"ஏறாதன்னா ஏறாத."

"அஞ்சு மாசம் கழிச்சுப் பேசறது அதிகாரம் பண்ணவா? நீங்க ஏற முடியலேன்னா நானும் ஏறக்கூடாதா?"

"அது இல்ல." அவர் எழுந்தார். தடுமாறிக் கட்டில் காலைப் பிடித்தார். "இருபத்தேழாம் தூண். மேல் ஜாயிண்ட். அதை நான் முறுக்கினேனா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

அவள் முடியிலிருந்த கையை எடுத்தாள்.

"நீ சாப்பாடு கொண்டாந்தியே, அன்னிக்கு. கட்டை கீழ வாஷர் எடுக்கப் போயிருந்தான். அடிப்பக்க நட்டை இன்னொரு ஸ்பேனர் போட்டுச் சுத்தாம நிறுத்திட்டு நானே முறுக்கினேன். ஒண்ணு முறுக்கினது தெரியும். அப்புறம் வானம் கீழ போச்சு, தரை மேல வந்துச்சு. தூணைக் கட்டிக்கிட்டேன். கண்ணைத் தொறந்தப்ப பன்னெண்டு நட்டுலயும் மஞ்சக் கோடு இருக்கு. என் கையில பிரஷ் இருக்கு. நடுவுல என்ன பண்ணினேன்னு தெரியல. முறுக்கிட்டுக் கோடு போட்டேனா, கிறுகிறுப்புல வெறும் கோடு மட்டும் இழுத்தேனா, தெரியல."

"மறுபடி முறுக்கிப் பாத்திருக்கலாமே?"

"ஸ்பேனரைத் தூக்க முடியல. காலையில வந்து பாத்துக்கலாம்னு இறங்கினேன். காலையில ஏறிட்டிருக்கறப்பவே கூப்பிட்டுட்டாங்க. கீழ நீ நிக்கிற."

வெளியே பொம்மை வண்டி ஒரு சுற்றுப் போயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு அது வளைவைக் கடக்கிறவரை காத்திருந்தார். ஐந்து மாதமாகத் தான் பார்த்தது என்ன என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

"என் மேல கோவம்னுல்ல நெனச்சேன்."

"மொத நாள் இருந்துச்சு. ரெண்டாம் நாள் இல்ல. அதுக்கப்புறம் இதுதான். மொத நாளே சொல்லியிருந்தா ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும். தள்ளிப்போடப் போட மலையா வளந்துடுச்சு."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ போய்ச் சொல்லிடுவே."

தரையில் கிடந்த ஊசியை எடுத்தாள். "இந்தத் தடவை நான் போக மாட்டேன்," என்றாள். "நீங்க போய்ச் சொல்லுங்க. வேணும்னா கூட வரேன்."

அவர் சட்டையை மாட்டினார். பொத்தானை மேலும் கீழுமாகப் போட்டிருந்தார். அவள் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு வெளியில் நடக்கிறார். அவள் தோளில் கை வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். இன்ஜினியர் மேடையில் நின்றிருந்தார். சூப்பர்வைசரும் பெயர் கொடுத்தவர்களும் அங்கேதான் இருந்தார்கள். மேஸ்திரி எல்லோர் முன்னாலும் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எதையும் விடவில்லை. வெறும் கோடு மட்டும் இழுத்திருக்கலாம் என்பதையும் சொன்னார். இருபத்திரண்டு வருஷப் பெயர் அந்த ஒரு வாக்கியத்தில் போகிறது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

இன்ஜினியரின் முகம் இறுகியது. "இத்தனை நாளா இதை வச்சுக்கிட்டா இருந்தீங்க?"

"ஆமாம்மா."

மேற்கொண்டு திட்டவில்லை. வண்டியை நிறுத்தச் சொன்னார். ஆள் தூக்கும் கூண்டை வரவழைத்து, ஸ்பேனரோடு இரும்பு வேலை ஃபிட்டர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு தானே ஏறினார். கூண்டு சின்னதாகிக்கொண்டே போய் இருபத்தேழாம் தூணின் தலையில் நின்றது. கீழே சூப்பர்வைசரின் கையில் வாக்கிடாக்கி. அதிலிருந்து காற்றுச் சத்தமும், அதற்குள் இன்ஜினியரின் குரலும் வந்தன. அதே இறுக்கத்துக்கு ஸ்பேனரை வைத்து இழுத்தால், நட்டு நகராமலே 'டிக்' என்று வர வேண்டும். நகர்ந்தால் முறுக்கவில்லை என்று அர்த்தம்.

மேஸ்திரிக்கு அந்தக் குரல் பிடிபடவில்லை. காதுக்குள் வண்டு. "என்ன சொல்றாங்க? என்ன சொல்றாங்க?" என்றார். அவள் அவருடைய நல்ல காதுப் பக்கம் வந்து நின்றாள்.

"ஒண்ணு சரியாம்."

"அது தெரியும். அடுத்தது?"

"ரெண்டு சரி... மூணு சரி."

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். நாலு. ஐந்து. ஆறு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் காற்று மட்டும் இரைந்தது. எட்டுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. சூப்பர்வைசர் கருவியைக் காதில் வைத்து அழுத்தினார். மேலே கூண்டு லேசாக ஆடியது.

"ஒம்பது?" என்றார் மேஸ்திரி.

"இருங்க."

"ஒம்பது என்னாச்சு?"

"கூண்டைத் தள்ளி நிறுத்துறாங்க போலிருக்கு. இருங்க... ஒம்பது சரி."

பத்து சரி. பதினொன்று சரி. பன்னிரண்டு சரி. ஒரு நட்டுகூட நகரவில்லை.

சுற்றி நின்றவர்கள் மூச்சு விட்டார்கள். யாரோ கைதட்டப் போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். மேஸ்திரி பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தார். அழவில்லை. தன் இரண்டு கையையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு, வேறு யாருடையவோ மாதிரி பார்த்தார்.

"கை முறுக்கியிருக்கு," என்றார். "எனக்குத்தான் தெரியல."

அப்படியென்றால் தான் போய்ச் சொன்னதும், ஐந்து மாதமும், பூட்டிய கதவுகளும் வீணா என்று அவளுக்குள் ஒரு கேள்வி எழுந்து நின்றது. கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"தெரியாம முறுக்குற ஆளு மேல இருக்கக்கூடாது. நீ இறக்கினது சரிதான்."

கூண்டிலிருந்து இறங்கிய இன்ஜினியர் நேராக அவரிடம் வந்தார். "அரை நாள் போச்சு மேஸ்திரி," என்றார். பிறகு, "அந்தப் பெரிய ஏத்தத்துலயும் வளைவுலயும் உங்க கோடு இருக்கிற எல்லாத்தையும் நாளைக்கு ஒருதடவை பாத்துடுவேன். உங்க மேல சந்தேகப்பட்டு இல்ல. உங்களுக்குத் தூக்கம் வரணும்," என்றார். இன்றைக்கு ஆள் ஏற்றம் கிடையாது என்று எல்லோரையும் அனுப்பிவிட்டார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் கூண்டு ஏறி இறங்கியது. எல்லாம் சரியாகவே இருந்தன. மூன்றாம் நாள் பிற்பகல் பெயர் கொடுத்தவர்களைக் கூப்பிட்டார்கள். ஒருவர் வரவில்லை, பத்தொன்பது பேர். கனம் சரியாக இருக்க வேண்டும் என்பதால் இருபதாவது இருக்கையில் ஒரு பொம்மையை வைத்தார்கள். அது அவள் பக்கத்து இருக்கை. காலையில் அவளே நிரப்பியது. கம்பி இறங்கி அவள் மடியை அழுத்தியது. சூப்பர்வைசர் இழுத்துப் பார்த்துவிட்டு, "ஜோடி நல்லாத்தான் இருக்கு," என்றார்.

மேஸ்திரி வேலிக்கு வெளியே நின்றார்.

சங்கிலி பிடித்து இழுத்தது. முன்னால் இருந்தவர்கள் இப்போதே கூச்சல் போடத் தொடங்கியிருந்தார்கள். ஏற ஏற அந்தக் கூச்சல் குறைந்தது. ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். தகரக் கூரைகள் தீப்பெட்டி அளவுக்கு வந்தன. பிறகு பூங்காவே ஒரு தட்டில் வைத்த சாமான் மாதிரி ஆனது. சாலை, லாரிகள், அதற்கப்பால் வெறும் நிலம். எதிலிருந்தும் சத்தம் வரவில்லை. காற்று ஒரே பக்கமிருந்து வந்து கன்னத்தில் படுத்துக்கொண்டது. உச்சியில் வண்டி நின்ற மாதிரி இருந்த அந்தக் கணத்தில், பக்கத்தில் பார்த்தாள். பொம்மை நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வருஷக்கணக்காக நின்ற உயரம் இதுதான். பிறகு எல்லாம் விழுந்தது. எல்லோரும் கத்தினார்கள். அவளும் கத்தியிருக்க வேண்டும்; அவளுக்குத் தெரியவில்லை. மஞ்சள் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கோடாக ஓடின.

வண்டி வந்து நின்றதும் இறங்கினாள். வேலியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவர் அதே இடத்தில் நின்றிருந்தார். கேட்கலாமா என்று யோசிக்கிற மாதிரி நின்றார். பிறகு கேட்டார்.

"எப்படி இருந்துச்சு மேல?"

அவள் திரும்பி உச்சியைப் பார்த்தாள்.

"மேல யாருமே இல்லீங்க," என்றாள்.

அவர் அவளையே பார்த்தார்.

"ஆமா," என்றார். "இருக்க மாட்டாங்க."